சின்ன ஊரில் நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி

"இந்த ஊர்ல நல்ல ஹோட்டல் எது?" என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். ஊரிலேயே பெரிய போர்டு, ஏசி, கார் நிறுத்த இடம், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கூட்டிப்போகிற கடை. அந்தப் பெயரைச் சொன்னவரிடமே கடைசியாக எப்போது அங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப்பாருங்கள், போன வருடம் யாரோ ஊரிலிருந்து வந்திருந்தபோது என்பார். அவர் பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதற்கு மரியாதையான பதிலைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

பெரிய நகரத்தில் யாரையும் கேட்காமலே சமாளித்துவிடலாம். ஆயிரக்கணக்கில் ரிவ்யூ இருக்கும், பத்திரிகையில் எழுதுவார்கள், சாப்பாட்டை மட்டுமே வீடியோ எடுக்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். சின்ன ஊரில் கடைகளும் குறைவு, எழுதுகிறவர்கள் அதைவிடக் குறைவு. ஒரு கடைக்கு முப்பது ரிவ்யூ இருந்தால் அதில் பாதி கடை திறந்த வாரத்தில் சொந்தக்காரர்கள் போட்டதாக இருக்கலாம். அப்புறம் இன்னொரு விஷயம்: சின்ன ஊரில் எதைக் கேட்டாலும் நன்றாக இருக்கிற கடை அநேகமாக இருக்காது. ஒரு கடையில் ஒன்றிரண்டு பதார்த்தம், அதுவும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில், அருமையாக இருக்கும். அதே கடையில் இரவு ஒன்பது மணிக்குப் போனால் வாயில் வைக்க முடியாது. அதனால் எந்தக் கடை, அங்கே எது, எத்தனை மணிக்கு என்று மூன்றையும் சேர்த்தே தேட வேண்டும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் பத்துப் பதினைந்து கடை மட்டுமே உள்ள ஊரிலும் நன்றாகச் சாப்பிடலாம்.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறவரிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. வேறு வழியில்லாமல் தினமும் வெளியே சாப்பிடுகிறவர்களைப் பிடியுங்கள். மெடிக்கல் ரெப், மாற்றலாகி வந்து தனியாகத் தங்கியிருக்கும் பேங்க் ஊழியர், ஷிப்ட் முடிந்து கண்ட நேரத்தில் சாப்பிடும் நர்ஸ், கடைத்தெருவில் நாள் முழுக்க நிற்கிற சேல்ஸ் பையன்கள். இவர்களில் மெடிக்கல் ரெப்பைத்தான் நான் முதலில் சொல்லுவேன், ஏனென்றால் அவருக்கு இந்த ஊர் மட்டுமில்லாமல் சுற்றுவட்டாரத்தில் உள்ள ஊர்களும் அத்துப்படி, எந்த ஊரில் எத்தனை மணிக்கு எங்கே போய் உட்கார வேண்டும் என்று ஒரு கணக்கே வைத்திருப்பார். ஹாஸ்டல் மாணவர்களிடமும் கேட்கலாம், ஆனால் அவர்கள் சொல்வது விலைக்கும் அளவுக்கும்தான் சரியாக வரும், ருசிக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்ஸி ஓட்டுகிறவர் நன்றாகத் தெரிந்தவர்தான், ஆனால் சில இடங்களில் ஆளைக் கொண்டுவந்து விட்டால் கமிஷன் உண்டு. அதனால் "எங்களை எங்க கூட்டிட்டுப் போவீங்க" என்று கேட்காமல் "நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க" என்று கேளுங்கள். லாட்ஜ் ரிசப்ஷனிலும் இதே கதைதான். அங்கே உள்ளவர் லாட்ஜோடு ஒட்டியிருக்கிற கடையைத்தான் காட்டுவார். இரவு வாட்ச்மேனைக் கேட்டால் வேறு பதில் வரும்.

கேள்வி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்ல பதில் வரும். "நல்ல கடை எது" என்றால் எதிரில் இருப்பவர் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். "நேத்து எங்க சாப்பிட்டீங்க", "சம்பளத் தேதிக்கு முந்தின வாரம் எங்க போவீங்க", "அம்மாவ கூட்டிட்டுப் போகணும், காரம் கம்மியா, உட்கார நல்ல இடமா வேணும்", "ராத்திரி பத்தரைக்கு மேல சூடா எங்க கிடைக்கும்" என்று கேட்டால் நிறுத்தி, யோசித்து, சில நேரம் பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போட்டுப் பதில் சொல்வார்கள். அந்தச் சண்டையைக் கவனமாகக் கேளுங்கள், உங்களுக்கு வேண்டிய தகவல் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். எங்கே போகக்கூடாது என்பதையும் கேட்டுவையுங்கள். நல்லதைச் சொல்வதில் ஆளாளுக்கு ரசனை வேறுபடும், வயிற்றைக் கெடுத்த கடையைச் சொல்வதில் ஊரே ஒத்துப்போகும். ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு மூன்று பேர் அதே கடையையும் அதே பதார்த்தத்தையும் சொன்னால் கிளம்பிவிடலாம்.

பலர் யோசிக்காத ஓர் ஆள் உண்டு: மார்க்கெட்டில் காய்கறி, மீன், கறி விற்கிறவர். எந்தக் கடைக்காரர் விடிகாலையிலேயே வந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு போகிறார், எவர் சாயங்காலம் வந்து மிஞ்சியதை அடித்துப் பேசி வாங்குகிறார் என்பது அவருக்குத் தெரியும். நேரடியாகக் கேட்டால் சொல்லமாட்டார், எல்லாரும் அவருக்கு வாடிக்கையாளர்கள்தானே. நீங்கள் அவரிடம் அடிக்கடி வாங்குகிறவர் என்றால், "இத நல்லா சமைச்சுப் போடறது யாரு?" என்று பேச்சுவாக்கில் கேளுங்கள், ஒரு பெயர் வரும். அந்தப் பெயருக்கு மதிப்பு அதிகம்.

மேப்பில் தேடும்போது

கூகுள் மேப்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் சின்ன ஊரில் அதைப் படிக்கிற விதம் வேறு. முதலில் ஸ்டார் எண்ணிக்கையை விடுங்கள். பத்து ரிவ்யூ, பத்தும் 5 ஸ்டார் என்று ஒரு கடை இருக்கிறது என்று வையுங்கள். பதினோராவதாக ஒருவர் கோபத்தில் 1 ஸ்டார் போட்டால் சராசரி 5-இலிருந்து 4.6-க்கு விழுந்துவிடும். 400 ரிவ்யூவோடு 4.2-இல் நிற்கும் கடைக்கு அதே ஒற்றை ஸ்டார் விழுந்தால் ஓர் அசைவும் தெரியாது. ஆக, குறைந்த ரிவ்யூ உள்ள கடைகளின் 4.8-ஐயும் 4.1-ஐயும் வைத்துக்கொண்டு எது உசத்தி என்று முடிவெடுப்பது கிட்டத்தட்டப் பூவா தலையா போட்டுப் பார்ப்பதுதான்.

ரிவ்யூக்களைப் புதியது முதலில் வரும்படி மாற்றிக்கொண்டு படியுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்திய பாராட்டு, அப்போது இருந்த சமையல்காரருக்குக் கிடைத்த பாராட்டு. அவர் இப்போது எந்தக் கடையில் இருக்கிறாரோ. 3 ஸ்டார் போட்டவர்கள் எழுதியதைத்தான் நான் முதலில் படிப்பேன். 5 போடுகிறவர் "சூப்பர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார், 1 போடுகிறவர் பெரும்பாலும் பில்லில் நடந்த தகராறை எழுதுவார். 3 போடுகிறவர்தான் "இது நன்றாக இருந்தது, அது ஆறிப்போய் வந்தது, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்க முடியவில்லை" என்று உட்கார்ந்து எழுதுவார், நமக்கு வேண்டியது அதுதானே. எழுதியவர் பெயரைத் தொட்டால் அவர் போட்ட மற்ற ரிவ்யூக்கள் தெரியும். இந்த ஒரு கடைக்கு மட்டும் எழுதிவிட்டுக் காணாமல் போனவர், ஒரே நாளில் ஏழெட்டு ஊர்களில் பல் டாக்டருக்கும் டயர் கடைக்கும் 5 ஸ்டார் போட்டவர், இவர்களையெல்லாம் கணக்கிலிருந்து தள்ளிவிடலாம்.

இதற்கெல்லாம் காரணம் இல்லாமல் இல்லை. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில உணவகங்களை எடுத்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கடைகளுக்கு ரிவ்யூ எழுதும் யெல்ப் தளத்தில் ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று கண்டார். அதுவும் பெரிய செயின் கடைகளுக்கு இல்லை, தனிக் கடைகளுக்குத்தான். பணம் அங்கே இருக்கும்போது பொய் ரிவ்யூவும் வந்துதானே தீரும். 2017-இல் லண்டனில் ஒரு பத்திரிகையாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ஓர் உணவகமாகப் பதிவுசெய்து, நண்பர்களை விட்டு ரிவ்யூ எழுதவைத்து, ஒருவருக்குக்கூடச் சாப்பாடு போடாமலே டிரிப்அட்வைசர் என்ற ரிவ்யூ தளத்தில் அந்த நகரத்தின் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். அத்தனை பெரிய நகரத்திலேயே அது முடிந்தது என்றால், இருபது ரிவ்யூவில் முதலிடத்துக்கு வந்துவிடக்கூடிய ஊரில் எவ்வளவு சுலபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தைவிடப் படங்களை நம்பலாம். கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு, சாப்பிட வந்தவர்கள் எடுத்ததைப் பாருங்கள், அதிலும் சாப்பாட்டுக்குப் பின்னால் தெரிவதைப் பாருங்கள். மேஜை எப்படி இருக்கிறது, பக்கத்து மேஜைகளில் ஆள் இருக்கிறார்களா, எல்லார் தட்டிலும் ஒரே பதார்த்தம் தெரிகிறதா. மெனு போர்டை யாராவது படம் எடுத்துப் போட்டிருந்தால் அதன் தேதியைக் கவனியுங்கள், விலை மாறியிருக்கும்.

தேடுகிற விதத்திலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. 'உணவகம்' என்று பொதுவாகத் தேடாமல் பதார்த்தத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், ஊர் மொழியின் எழுத்திலும் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமான ஸ்பெல்லிங்கிலும் ஒரு தடவை. சின்னக் கடைகள் பேக்கரி, லாட்ஜ், மளிகை என்று ஏதாவது ஒரு தலைப்பில் பதிவாகியிருக்கும், அல்லது பதிவாகியே இருக்காது. மேப்பைத் தெரு அளவுக்குப் பெரிதாக்கினால்தான் பல பெயர்கள் கண்ணில் படும். எந்த நேரத்தில் கூட்டம் என்று காட்டும் வரைபடம் இருந்தால் நல்லது. ஆனால் போதுமான ஆட்களின் இருப்பிடத் தகவல் கிடைத்தால்தான் கூகுள் அதைக் காட்டும், அதனால் அது இல்லாததை வைத்துக் கடையில் கூட்டமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். டெலிவரி ஆப்களில் ஒரே முகவரியில் நாலைந்து பெயர்கள் தெரிந்தால் அங்கே உட்கார்ந்து சாப்பிட இடமே இல்லாமல் இருக்கலாம். ஒரே அடுப்படி, பெயர் மட்டும் நாலு.

நடந்து பார்ப்பது

சின்ன ஊரின் பெரிய வசதி, முக்கால்வாசியை நடந்தே பார்த்துவிடலாம். மதியம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரைக்குள் ஒரு நடை, இரவு எட்டு மணி வாக்கில் ஒரு நடை, அவ்வளவு போதும்.

நடக்கும்போது ஒவ்வொரு கடையையும் பார்த்து ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே சாப்பிடுகிறவர் நாளைக்கும் வருவாரா? பஸ் ஸ்டாண்ட் வாசலிலும் ரயில் நிலைய எதிரிலும் இருக்கிற கடைக்கு வருகிறவர் பையைத் தோளில் மாட்டியபடியே சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார், திரும்ப அவர் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. அவருக்கு நன்றாகப் போட வேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை. கோர்ட், அரசு அலுவலகங்கள், ஆஸ்பத்திரி, மொத்த வியாபாரக் கடைகள் இருக்கிற பகுதியில் அப்படி நடக்காது. அதே குமாஸ்தாவும் அதே வக்கீலும் அதே லேப் ஊழியரும் தினமும் வந்தாக வேண்டும், இரண்டு நாள் மோசமாகப் போட்டால் மூன்றாம் நாள் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் வேலை நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு இந்தப் பகுதிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதே கடைகளில் அலுவலகம் விடுமுறை என்றால் அடுப்பே எரியாது, எரிந்தாலும் அன்றைக்கு வேறு ஆள் சமைப்பார். பஸ் ஸ்டாண்டிலும் விதிவிலக்கு உண்டு: டிரைவர், கண்டக்டர் கூட்டமாக உட்கார்ந்திருக்கிற கடை. அவர்கள் தினமும் வருகிறவர்கள்.

மெயின் ரோட்டு மூலைக் கடைக்கு வாடகை அதிகம், அந்தப் பணத்தை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும், விலையில் எடுக்கலாம், அளவில் எடுக்கலாம், எண்ணெயில் எடுக்கலாம். ஒரு தெரு உள்ளே தள்ளி இருக்கிற கடையைத் தேடிப்பிடித்து வருகிற கூட்டம் இருந்தால், போர்டைப் பார்த்து வந்த கூட்டமாக அது இருக்க வாய்ப்பில்லை.

கூட்டத்தையும் பார்த்த மாத்திரத்தில் நம்பிவிட வேண்டாம். சில கடைகளில் வரிசை நிற்பது உள்ளே பரிமாற ஆள் இல்லாததால்தான். யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பல வயதுக்காரர்கள் கலந்து நின்றால், பார்சலுக்குப் பாத்திரம் கொண்டுவந்து நின்றால், உள்ளூர்க் குடும்பங்கள் வந்திருக்கின்றன என்று அர்த்தம். இன்னும் நல்ல அடையாளம் வேண்டுமானால், உள்ளே போய் உட்கார்ந்து, திரும்பிப் போகிற தட்டுகளைப் பாருங்கள். காலியாகப் போகிறதா, பாதி மிச்சத்தோடு போகிறதா, அதிலும் எந்தப் பதார்த்தம் மிஞ்சிப் போகிறது என்று ஐந்து நிமிடம் பார்த்தால் எதை ஆர்டர் செய்யக்கூடாது என்பது தெரிந்துவிடும்.

வாசலில் நின்று பார்க்க வேண்டியவை

நல்ல கடைக்குப் பின்னால் இருக்கிற ரகசியம் கைப்பக்குவம் என்பார்கள். இருக்கட்டும். அதற்கு முன்னால், சமைத்தது சீக்கிரம் தீர்கிறதா என்பதைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட பாதுகாப்பான உணவுக்கான ஐந்து வழிகளில், சமைத்த உணவைச் சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், குளிரில் வைப்பதென்றால் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். கடைக்குள் தெர்மாமீட்டரோடு போக முடியாது, ஆனால் பாத்திரத்தைத் திறக்கும்போது ஆவி பறக்கிறதா, வெதுவெதுப்பாகக் கிடக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விற்றுத் தீர்ந்து, அடுத்த ஈடு அடுப்பிலிருந்து வருகிற கடையில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் எழுவதே இல்லை. அதனால்தான் நேரம் முக்கியம் என்கிறேன். சமையல் முடிந்து முதல் ஒரு மணி நேரத்தில் போகிறவருக்கும் கடைசியில் போகிறவருக்கும் ஒரே கடையில் இரண்டு வேறு சாப்பாடு கிடைக்கும்.

மெனு நீளத்தைப் பாருங்கள். பன்னிரண்டு மேஜை, நாலு பேர் சமையல், மெனுவில் நூற்றைம்பது பெயர் என்றால் கணக்கு இடிக்கிறது. ஒன்று அதில் பாதி இல்லை, அல்லது ஃப்ரீசரில் இருக்கிறது, அல்லது ஒரே குழம்பின் தலையில் ஆறு பெயர் சூட்டியிருக்கிறார்கள். "இது தீர்ந்துபோச்சு சார்" என்று சொல்கிற கடைமேல் எனக்கு மரியாதை உண்டு. "இன்னிக்கு எது நல்லா இருக்கு?" என்று சப்ளையரிடம் கேளுங்கள். யோசிக்காமல் ஒன்றிரண்டைச் சொன்னால் அதையே வாங்குங்கள், "எல்லாமே நல்லாருக்கும்" என்றால் பக்கத்து மேஜைகளில் எது அதிகம் தெரிகிறதோ அதை வாங்குங்கள்.

எண்ணெயை மூக்கே சொல்லிவிடும். திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெய் கறுக்கும், நுரைக்கும், கொஞ்சம் சூட்டிலேயே புகையும், கடைக்குள் நுழைந்ததும் தொண்டையில் ஒரு காறல் வரும். அந்தக் காறல் வந்தால் வறுத்தது, பொரித்தது எதையும் தொடாதீர்கள். கை கழுவுகிற இடத்தில் சோப்பு இருக்கிறதா, கழிப்பறை எப்படி, பணம் வாங்குகிற கையே உணவையும் எடுத்து வைக்கிறதா, இவையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், விரித்து எழுத ஒன்றுமில்லை. சில இடங்களில் அரசு சுகாதாரச் சோதனை முடிவையே வாசலில் ஒட்டச் சொல்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 1998-இலிருந்தும் நியூயார்க்கில் 2010-இலிருந்தும் ஏ, பி, சி என்று எழுத்தால் மதிப்பெண் உண்டு. உங்கள் ஊரில் அப்படி ஏதாவது இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். அது சுத்தத்துக்கு மட்டும்தான், ருசிக்கு இல்லை.

முதல் தடவை

புதிதாக ஒரு கடையைச் சோதிக்கப் போகும்போது குடும்பத்தோடு பத்துப் பேராகப் போகாதீர்கள், பிறந்தநாளுக்குப் போகாதீர்கள், கடும் பசியோடும் போகாதீர்கள், பசியில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வார நாளில், கூட்டம் தொடங்குகிற நேரத்துக்குப் போங்கள். இரண்டு பேர் போனால் மூன்று நாலு பதார்த்தத்தைப் பகிர்ந்து பார்க்கலாம். ஒன்று அந்தக் கடைக்குப் பேர்போனது, இன்னொன்று எந்தக் கடையிலும் கிடைக்கிற மிகச் சாதாரணமான ஒன்று. சாதாரணமானதை ஒழுங்காகச் செய்கிற கடை மற்றதையும் ஒழுங்காகச் செய்யும். மசாலாவையும் அலங்காரத்தையும் அள்ளிப் போட்டு மறைக்க அதில் இடமில்லை.

பிடித்துவிட்டால் உடனே எல்லாருக்கும் சொல்லிவிடாமல் வேறொரு நாள், வேறொரு நேரத்தில் இன்னொரு தடவை போங்கள். பிடிக்காமல் போனாலும் அப்படியே, ஏதோ ஒன்று மட்டும் நன்றாக இருந்திருந்தால். வயிறு கெட்டிருந்தால் இரண்டாம் தடவை எல்லாம் தேவையில்லை.

ஒவ்வாமை உள்ளவர்கள், சில பொருட்களைச் சாப்பிடாதவர்கள் போனில் கேட்டுக்கொள்வதைவிட, கூட்டமில்லாத நேரத்தில், அதாவது மதியம் முடிந்து மூன்றரை நாலு மணிக்கு, நேரில் போய்ச் சமையல்காரரிடமே கேட்பது நல்லது. "இதுல நிலக்கடலை இருக்கா" என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். "எந்த எண்ணெயில பண்றீங்க, அதே சட்டியில வேற என்ன பொரிப்பீங்க" என்று கேட்டால்தான் உண்மை வரும்.

புதுக் கடை திறந்தால்

சின்ன ஊரில் புதுக் கடை என்றால் முதல் மாதம் ஊரே அங்கே போய் நிற்கும். பரிமாறுகிறவர்களுக்கு மேஜை நம்பரே பிடிபட்டிருக்காது, அடுப்படியில் அளவு பிடிபட்டிருக்காது. இன்னொரு பக்கம், திறப்புக்காக வெளியூரிலிருந்து பெரிய சமையல்காரரை வரவழைத்திருப்பார்கள், அவர் சில வாரத்தில் கிளம்பிப் போய்விடுவார். ஆகவே முதல் மாதத்தில் மோசமாக இருந்தாலும் நன்றாக இருந்தாலும் அதை முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு மூன்று மாதம் கழித்துப் போங்கள்.

ரொம்பவும் தள்ளிப்போடாதீர்கள், கடை இல்லாமல் போய்விடலாம். உணவகங்களில் பத்தில் ஒன்பது முதல் வருடத்திலேயே மூடிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள், அது மிகை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தை வைத்து எச். ஜி. பார்சாவும் மற்றவர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வருடத்தில் போனவை சுமார் 26 சதவீதம், மூன்று வருடத்துக்குள் போனவை சுமார் 60 சதவீதம் என்று இருந்தது. இதில் கை மாறியவையும் சேர்த்தி. கை மாறியவை என்பதைக் கவனியுங்கள். போர்டு அதே, பெயர் அதே, முதலாளி வேறு. மெனு திடீரென்று நீள்வது, அளவு சுருங்குவது, பழகிய முகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவது, இதெல்லாம் சேர்ந்து தெரிந்தால் கடை தள்ளாடுகிறது என்று அர்த்தம்.

ஒரே ஒரு வேளைதான் இருக்கிறது என்றால்

ஊருக்குப் புதிது, இரவு ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுக் காலையில் கிளம்பிவிடுவீர்கள் என்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்ய நேரமில்லை. தங்கிய இடத்திலிருந்து வெளியே வந்து, மருந்துக்கடைக்காரர், போன் ரீசார்ஜ் செய்கிறவர் என்று யாராவது இரண்டு பேரிடம் "நீங்க கடை சாத்திட்டு எங்க சாப்பிடுவீங்க" என்று கேளுங்கள். எட்டு மணிக்குள் போய்விடுங்கள். எட்டரைக்கு மேல் ஆகிவிட்டால் கடைக்குப் போன் செய்து எத்தனை மணிக்குச் சாத்துவீர்கள் என்று கேட்காமல் அடுப்பை எத்தனை மணிக்கு அணைப்பீர்கள் என்று கேளுங்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் இருக்கும். எதுவுமே சரிப்படவில்லை என்றால் கண்முன்னே செய்து அப்படியே சூடாகத் தட்டில் வைக்கிற எதையாவது சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.

குறித்து வைப்பது

அந்த ஊரிலேயே இருக்கப் போகிறவர்கள் கண்டுபிடித்ததை எழுதிவைக்க வேண்டும். மேப்பிலேயே கடையைச் சேமித்து அதன் கீழ்க் குறிப்பு எழுதலாம், இல்லாவிட்டால் போனில் ஒரு நோட்டு போதும். கடை பெயரை மட்டும் எழுதினால் மூன்று மாதத்தில் உங்களுக்கே மறந்துவிடும். பதார்த்தம், நேரம், கிழமை, யாரோடு போகலாம், எதை வாங்கக் கூடாது, இத்தனையும் இரண்டு வரியில் அடங்கும்.

தரம் பிரிக்க ஸ்டார் எண்ணிக்கை வேண்டாம். இதற்கு எனக்குப் பிடித்த முறை, மிஷலின் என்ற டயர் கம்பெனி போடுகிற பழைய உணவகக் கையேட்டினுடையது. அந்த டயர் கம்பெனி, ஆட்கள் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினால் டயர் தேயும், விற்கும் என்று 1900-இல் அந்தப் புத்தகத்தைப் பிரான்சில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஸ்டார் கொடுப்பது 1926-இல்தான் வந்தது. ஒரு ஸ்டார் என்றால் வழியில் இருந்தால் நின்று சாப்பிடலாம், இரண்டு என்றால் சுற்றிப் போனாலும் தகும், மூன்று என்றால் அதற்காகவே கிளம்பிப் போகலாம் என்பது அதன் பொருள். சின்ன ஊருக்கு இது அப்படியே பொருந்துகிறது. உங்கள் நோட்டில் ஒவ்வொரு கடைக்கும், இல்லை, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் இந்த மூன்றில் எது என்று போட்டுவையுங்கள். 'வழியில் இருந்தால்' என்பதில்தான் அநேகமும் வரும், அதில் தப்பில்லை, தினசரிச் சாப்பாடு அங்கேதான் நடக்கிறது.

வெளியே ரிவ்யூ எழுதுவதாக இருந்தாலும் இதே மாதிரி எழுதுங்கள், பதார்த்தம், கிழமை, நேரம் போட்டு. ஒரு குறை என்றால் முதலில் கல்லாவில் இருப்பவரிடம் தனியாகச் சொல்லுங்கள். முப்பது ரிவ்யூ உள்ள கடையில் உங்கள் ஒற்றை ஸ்டார் அவருடைய அந்த மாத வியாபாரத்தில் தெரியும். தவிர, சின்ன ஊர், நாளைக்கே அவரை மார்க்கெட்டில் பார்க்க வேண்டியிருக்கும். சொல்லியும் திருத்தவில்லை, அல்லது கெட்டுப்போனதைப் போட்டார்கள் என்றால் தாராளமாக எழுதலாம், சுகாதாரத் துறையிடம் புகாரும் கொடுக்கலாம். நன்றாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், எது நன்றாக இருந்தது என்று பெயர் சொல்லி. அடுத்த தடவை நீங்கள் உட்கார்ந்ததும் "இன்னிக்கு அத விடுங்க சார், இத சாப்பிடுங்க" என்று அவரே சொல்லத் தொடங்கிவிடுவார், அதன்பிறகு நோட்டைத் திறக்க வேண்டிய அவசியம் குறையும்.

நோட்டை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சரிபாருங்கள். ஒரு கடையில் வழக்கமான ருசி இரண்டு தடவை தொடர்ந்து மாறியிருந்தால் "மாஸ்டர் மாறிட்டாரா?" என்று கேட்டுவிடுங்கள். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, அவர் இப்போது எங்கே இருக்கிறார்? சின்ன ஊரில் அதற்குப் பதில் யாருக்காவது தெரிந்திருக்கும், பெரும்பாலும் ரெண்டு தெரு தள்ளித்தான் இருப்பார்.